417 படிகள்... ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

திருச்சிக்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மலைக்கோட்டைக்கு எத்தனை படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆளுக்கொரு எண் சொல்வார்கள். பெரும்பான்மை ஓட்டு 417-க்குத்தான். எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் 437 என்பார். குறைத்துச் சொல்கிறவர்கள் மூச்சு வாங்காமல் ஏறியவர்கள், கூட்டிச் சொல்கிறவர்கள் என்னைப் போன்றவர்கள் என்பது என் அனுமானம். பி.காம். படித்தவனுக்கு இப்படி ஒரு கணக்கு டேலி ஆகாமல் கிடப்பது உறுத்தாதா? எண்ணியே பார்த்துவிடுவது என்று தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பிவிட்டேன்.

பொய் சொல்வானேன்? எண்ணுவதற்காக மட்டும் போகவில்லை. கூட வந்தவர் அப்பா. அவரிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருந்தது.

அப்பா ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். பொன்மலை ரயில்வேயில் அக்கவுண்ட்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். அம்மா போய் இரண்டு வருஷம். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். அவர் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணித்தான் தெரிந்தது. "வீட்டை வித்துட்டு என்னோட சென்னைக்கு வந்துடுங்கப்பா" என்ற ஒரு வரியை ரயிலில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். வந்து மூன்று நாளாகியும் வாயிலிருந்து வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி அவரே, "நாளைக்குக் காலைல மலைக்கோட்டை போலாமாடா?" என்றார்.

"முழங்கால்?"

"அது என்னோடதான் வரும். அதுக்கென்ன?"

மாம்பழச் சாலையில் 1-ம் நம்பர் பஸ். காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மெயின் கார்டு கேட் வழியாக நடந்தால் தெப்பக்குளம், சின்னக்கடை வீதி. பகலில் இந்த வழியில் உங்களை நீங்களே நடத்திக்கொண்டு போக முடியாது, கூட்டம் நடத்திக்கொண்டு போகும். ஞாயிறு காலை ஆறரைக்கு ஷட்டர்களெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். வெளியூர் நண்பர்கள் ஜங்ஷனில் இறங்கி சத்திரத்துக்கு டவுன் பஸ் பிடித்தால் போதும். வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள். செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். மத்தியானப் பாறையில் வெறுங்காலோடு நின்றால் பரதநாட்டியம் தானாக வரும்.

கடைகளுக்கு நடுவே, ஜவுளிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் இடையில் சந்து மாதிரி ஒரு வாசல். ஒரு மலைக்கு இப்படியா வாசல் வைப்பார்கள் என்று முதல் தடவை வருகிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். உள்ளே அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.

இந்த மலையேற்றத்தின் விசேஷம், பாதி வழிக்கு நீங்கள் மலையில் ஏறவில்லை, மலைக்குள் ஏறுகிறீர்கள். பாறையைக் குடைந்த படிகள். இரு பக்கமும் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்த சுவர்கள். வெளியே என்ன வெயில் இருந்தாலும் உள்ளே ஒரு குளிர்ச்சி. இமயமலைக்கு வயசு சுமார் 5 கோடி வருஷம் என்கிறார்கள். நம்ம ஊர்ப் பாறையோடு ஒப்பிட்டால் அது கைக்குழந்தை. இதன் வயசு நூறு கோடிக் கணக்கில் போகிறது. உயரம் என்னவோ 273 அடிதான். உயரமில்லாவிட்டாலும் சீனியாரிட்டி இருக்கிறது. ஆபீஸில் இருப்பவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

நூற்றுச் சொச்சத்தில் எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. உடற்பயிற்சியின் அவசியம் பற்றி இதுவரை ஏழு கட்டுரை எழுதியிருக்கிறேன். அத்தனையும் உட்கார்ந்துகொண்டு எழுதியவை. அறுபத்தேழு வயசு அப்பா ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்த படி... என்று நிதானமாக என்னைத் தாண்டிப் போனார்.

"எத்தனை எண்ணியிருக்க?"

"நூத்திப் பதினாலு."

"நூத்திப் பதினெட்டு. மூச்சு வாங்குறப்ப நாலு விட்டுட்ட."

நடுவில் தாயுமானசுவாமி கோயில். வெள்ளத்தால் காவிரியைத் தாண்டி வர முடியாத ஒரு தாய்க்காக, பிரசவ வலியில் இருந்த அவள் மகளுக்குத் தாயின் உருவில் வந்து சிவனே பிரசவம் பார்த்ததாக ஐதீகம். அதனால்தான் 'தாயும் ஆனவர்'. இந்தப் பெயரை வைத்துக்கொண்ட தாயுமானவர் என்ற கவிஞர், திருச்சியில் நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதரிடம் பெரிய சம்பிரதி உத்தியோகம் பார்த்தவர். சம்பிரதி என்றால் கணக்கு! அவருடைய அப்பா பார்த்த அரண்மனை வேலை, பிறகு பிள்ளைக்கு. ஒரு கட்டத்தில் வேலையை உதறிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். மாதக் கடைசியில் பாலன்ஸ் ஷீட்டோடு மல்லாடும் நண்பர்களே, நமது துறையிலிருந்து ஒரு மகான் வந்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிக்குத் திரும்பினால், பக்கத்தில் ஒரு குடைவரைக் குகை இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். சின்ன வயசில் பரீட்சைக்குப் பரீட்சை அம்மா என்னை இழுத்துக்கொண்டு வருவாள். ஒரு தடவைகூட நான் இதன் பக்கம் திரும்பியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. லலிதாங்குர பல்லவேச்வரம் என்று பெயர். லலிதாங்குரன் என்பது அவன் பட்டப் பெயர்களில் ஒன்று. மற்ற பட்டங்களையும் தூண் தூணாக வெட்டி வைத்திருக்கிறான். நம் ஆட்கள் பாறைகளில் ஆணியால் 'ரமேஷ் - கலா' என்று கீறுவதைத் திட்டுகிறோமே, ஆரம்பித்து வைத்தது ராஜா!

உள்ளே கங்காதரர் சிற்பம். சடையில் ஒரு புரியை ஒரு கையால் பிடித்து, இறங்கி வரும் கங்கையை வாங்கிக்கொள்கிறார் சிவன். சுற்றிலும் அடியார்கள். இரு பக்கத் தூண்களிலும் வடமொழியில் கல்வெட்டு. அதில் சொல்லியிருப்பது என்ன தெரியுமா? சிவபெருமான் ராஜாவிடம் ஒரு குறை சொன்னாராம். தரையில் கோயில் கட்டி என்னை உட்கார வைத்தால் சோழ நாட்டின் செழிப்பையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று. அதனால்தான் ராஜா மேகம் தொடும் இந்த மலைமேல் இடம் கொடுத்தானாம். இன்னொரு பாட்டு அதைவிட ஜோர். சிவனுக்கு நதிகள் மேல் ஒரு பிரியம், ஏற்கெனவே தலையில் ஒருத்தி இருக்கிறாள். காவிரியின் அழகைப் பார்த்து அவள் பின்னாலும் போய்விடப் போகிறாரே என்று பார்வதி பயந்து, பிறந்த வீட்டை விட்டு இங்கேயே குடி வந்துவிட்டாளாம். 'இந்தக் காவிரி பல்லவனுக்கு உரியவள்' என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

அதாவது, 1,400 வருஷத்துக்கு முன்னாலேயே இது ஒரு வியூ பாயிண்ட். சாமி கேட்ட வரம் பால்கனி வைத்த வீடு! என் சென்னை ஃபிளாட்டிலும் பால்கனி உண்டு. எதிர் ஃபிளாட்டின் வாஷிங் மெஷின் நன்றாகத் தெரியும். அப்பா அங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பார் என்ற கேள்வி அந்தக் குகை வாசலில்தான் முதல் முதலாக எனக்குத் தோன்றியது. தோன்றியதில் எண்ணிக்கை விட்டுப்போனது.

"முந்நூத்தி ரெண்டு" என்றார் அப்பா.

அதற்குமேல் வெட்டவெளி. பாறையில் வெட்டிய படிகள், பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. திடீரென்று காற்று வந்து சட்டைக்குள் புகுந்துகொள்ளும். வேஷ்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு கையை அதற்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது. கடைசிக் கொஞ்ச தூரத்தை ஏறிவிட்டால், உச்சிப் பிள்ளையார்.

இந்தப் பிள்ளையார் குட்டு வாங்கியவர். ராமர் கொடுத்த ரங்கநாதரை இலங்கைக்கு எடுத்துக்கொண்டு போகிற விபீஷணர் காவிரிக் கரைக்கு வருகிறார். சந்தியாவந்தனம் பண்ண வேண்டும். விக்கிரகத்தைக் கீழே வைக்கக் கூடாது. அங்கே நின்ற ஒரு பையனிடம் கொடுக்கிறார். பையன் கீழே வைத்துவிடுகிறான். எவ்வளவு இழுத்தும் ரங்கநாதர் நகரவில்லை. கோபத்தில் துரத்துகிறார். பையன் ஓடி வந்து நின்ற இடம் இந்த உச்சி. நெற்றியில் ஒரு குட்டு. பையன்தான் பிள்ளையார்.

வெளியே வந்து வடக்குப் பக்கம் நின்றோம். எத்தனை தடவை வந்தாலும் இந்த ஒரு நிமிஷம் பழசாவதில்லை. கீழே பொம்மைக் கடை மாதிரி தெப்பக்குளம், லூர்து மாதா கோயில் கோபுரம், ஓட்டுக் கூரையும் மொட்டை மாடியும் தண்ணீர் டேங்க்குமாக டவுன். அதைத் தாண்டிக் காவிரி. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது என்பது வழக்கமான கணக்கு. அந்தக் கணக்கின் கடைசி வாரங்களில் நாங்கள் போயிருந்ததால் கரையோரம் மணல் தெரியத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் பச்சைத் தென்னைகளுக்கு மேல் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். கிழக்கே திருவானைக்காவல். அதற்கும் அப்பால் கொள்ளிடம். தெற்குப் பக்கம் திரும்பினால் ஊர் பொன்மலை வரைக்கும் போகிறது.

"இந்தக் கோபுரம் நான் ஸ்கூல்ல படிக்கிறப்ப மொட்டையா நின்னுச்சுடா" என்றார் அப்பா. "நாயக்கர் காலத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு விட்டது. நானூறு வருஷம் அப்படியே. 1987-லதான் முடிஞ்சது. 13 நிலை, 236 அடி. கும்பாபிஷேகத்தன்னைக்கு உங்கம்மாவும் நானும் கூட்டத்துல நசுங்கினோம்."

அப்புறம் வடக்கே கை நீட்டி, "நம்ம வீடு எங்க, சொல்லு" என்றார்.

அம்மா மண்டபம் படித்துறையைப் பிடித்து, அங்கிருந்து ரோட்டைப் பிடித்து, தேடினேன். நடுவில் புதிதாக ஏதோ ஒரு அபார்ட்மெண்ட். தெரியவில்லை.

"கல்யாணமான புதுசுல நான் இங்க வர்ற ஞாயித்துக்கிழமையெல்லாம் உங்கம்மா மாடில சிவப்புப் புடவை ஒண்ணைக் காயப் போடுவா. நான் கண்டுபிடிக்கிறதுக்காக. சாயங்காலம் போனதும் கேப்பா, தெரிஞ்சுதான்னு."

"இவ்வளவு தூரத்துல புடவை தெரியுமாப்பா?"

"எங்க தெரியும்? தெரிஞ்சுதுன்னு சொல்லிடுவேன்."

இதற்குமேல் தள்ளிப்போட்டால் பேசவே மாட்டேன் என்று தெரிந்தது. மனப்பாடம் செய்த வரியை ஒப்பித்துவிட்டேன். பாத்ரூம், பக்கத்து வீட்டு அக்கா, சென்னை, லிஃப்ட் வசதி எல்லாம் ஒரே மூச்சில்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல சாமியே ஒரு தடவை கீழ வெச்சதும் நகர மாட்டேன்னுட்டார்" என்றார்.

விடக்கூடாது. நானும் ஸ்ரீரங்கத்துக்காரன். "ஏன், 1323-ல டெல்லிப் படை வந்தப்ப ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பலையா? ஊர் ஊரா இருந்து திருப்பதி வரைக்கும் போயி, 1371-லதானே திரும்பி வந்தார்?"

"அது உற்சவர்டா. ஊர்வலம் போறவர். மூலவருக்கு முன்னாடி சுவர் எழுப்பி மறைச்சு வெச்சாங்க. அவர் நகரல." கொஞ்சம் நிறுத்தி, "உற்சவரும் திரும்பி வந்துட்டாரில்ல?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரிக் கோஷ்டி, மலை, ஆறு, கோபுரம் மூன்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பையன், "அங்கிள், ஒரு போட்டோ" என்று போனை நீட்டினான். அப்பா வாங்கி, ரயில்வே வவுச்சரைப் பார்ப்பது மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மூன்று எடுத்துக் கொடுத்தார். மூன்றிலும் காவிரி நன்றாக விழுந்திருந்தது. பையன்கள் பாதிதான் விழுந்திருந்தார்கள்.

இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். தயவுசெய்து பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சு கேட்கும், இறங்கும்போது மூட்டு கேட்கும். குகைப் படிகளில் ஒரு இடத்தில் அப்பா தயங்கினார். கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். என் கல்யாணத்தன்று கை குலுக்கியதற்கு அப்புறம் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

கீழே செருப்பை மாட்டும்போது கேட்டார். "மொத்தம் எத்தனை வந்துச்சு?"

"நானூத்தி ஆறுப்பா. நடுவுல பேசிட்டே வந்ததுல..."

"ஊர்க் கணக்கு 417. பதினொண்ணு உதைக்குது. வித்தியாசம் வந்தா என்ன பண்ணுவோம்?"

"சஸ்பென்ஸ் அக்கவுண்ட்."

"அதுல போட்டு வை. நீ சொன்ன வீட்டு விஷயத்தையும் அதுலயே போடு. ஆடிப்பெருக்குக்கு வருவ இல்ல? அப்ப இன்னொரு தடவை எண்ணிப் பாப்போம்."

"அதுவரைக்கும் பாத்ரூம்ல ஒரு கைப்பிடியாவது போட்டுக்கணும். நாளைக்கே ஆள் கூட்டிட்டு வரேன்."

"போட்டுக்கறேன். மலையில போட்டிருக்கான் பாரு, அந்த மாதிரி கம்பியா இருக்கணும். பிளாஸ்டிக் வேண்டாம்."

என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஹோட்டல் அப்போதுதான் திறந்திருந்தது. இரண்டு பேருக்கும் பொங்கல், வடை, காபி. பில்லை அப்பா எடுத்துக்கொண்டு போய் கூட்டல் சரியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தார்.