முகவரி மாறிய பக்கங்கள்

பள்ளியின் இணையதளத்தைச் சீரமைக்கும் பணி பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் நால்வரிடம் ஒப்படைக்கப்பட்டபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை! காலாண்டு விடுமுறை முழுவதும் கணினி அறையிலேயே தவம் கிடந்தோம். ஆண்டு வாரியாகக் குவிந்து கிடந்த பக்கங்களையெல்லாம் 'சேர்க்கை', 'தேர்வு', 'விழாக்கள்' எனப் பொருள் வாரியாக அடுக்கினோம். அப்பப்பா, எத்தனை அழகு!

அந்தப் பெருமை ஒன்பது நாள்தான் நீடித்தது. பத்தாம் நாள் ஒரு தாயார் கசங்கிய துண்டறிக்கையுடன் பள்ளி வாசலில் வந்து நின்றார். கல்வி உதவித்தொகை விண்ணப்பம் இந்த முகவரியில் கிடைக்கும் என்று நாங்களே ஆகஸ்டு மாதம் வீடு வீடாகக் கொடுத்த தாள் அது. "மூணு தடவை பிரவுசிங் சென்டருக்குப் போனேன், சிஸ்டர். பக்கம் இல்லைன்னே வருது. உதவித்தொகையை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். கடைசி நாளுக்கு இரண்டே நாள் இருந்தது. சிஸ்டர் உடனே விண்ணப்பத்தை அச்சிட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு எங்களை அழைத்தார்.

வீடு மாறுகிறவர்கள்கூடத் தபால்காரரிடம் புது விலாசம் சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் அதையும் செய்யவில்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகளை மாற்றாதீர்கள் என்று 1998-லேயே எழுதியிருக்கிறார். நாங்கள் அதைப் படித்தது பிறகுதான்!

முதலில் சோம்பல் வழியைப் பிடித்தோம். பழைய முகவரி எதுவானாலும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பினோம். "விண்ணப்பம் கேட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தினால் போதுமா?" என்றார் சிஸ்டர். வாயடைத்துப் போனோம்.

பின்னர் நோட்டின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று 143 வரிகள் எழுதினோம். பல பழைய முகவரிகள் எங்களுக்கே மறந்துவிட்டன. சர்வரின் பதிவேட்டில் '404' என்று விழுந்த வரிகளைப் பார்த்தே அவற்றைக் கண்டுபிடித்தோம். நிரந்தர மாற்றத்துக்கு 301, தற்காலிகத்துக்கு 302. பிரவுசர் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். தவறிப் போட்டால், திருத்திய பிறகும் பழைய தவற்றுக்கே அழைத்துப் போகும். ஆகவே 302-இல் சோதித்த பிறகே மாற்றினோம். அப்படியும் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று கைகாட்ட, பிரவுசர் சுற்றிச் சுற்றிக் களைத்து நின்றுவிட்டது!

அந்தப் பதிவேட்டில் விண்ணப்ப முகவரி மட்டும் 31 முறை தேடப்பட்டிருந்தது. வந்து கேட்டவரோ ஒருவர்தான். சிஸ்டர் கடைசி நாளை ஒரு வாரம் தள்ளிவைத்து, ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிக்கச் செய்தார். மேலும் ஆறு விண்ணப்பங்கள் வந்தன. மற்றவர்கள் யாரென்று நாங்கள் இன்னும் அறியோம்.