மல்லாட்டையும் வெக்கையும்

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். டி.எம்.வி.2 வந்தது 1940இல். தாவர உயிரியல் படிப்பவர்களுக்கு டி.எம்.வி. என்றால் புகையிலைத் தேமல் வைரஸ். விழுப்புரத்துக்காரனான எனக்கு இந்தப் பெயர்ப்பொருத்தம் வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது, மல்லாட்டைச் செடியைத் தடுப்பூசியாக்கப் பார்த்த ஓர் ஆய்வைப் படிக்கும்வரை.

வேறோர் உயிரின் மரபணுவைத் தாவரத்துக்குள் வைத்தால், அதற்குரிய புரதத்தைத் தாவரமே செய்து தரும். மரபணுவை உள்ளே கொண்டுபோக அந்தப் புகையிலை வைரஸையே வண்டியாகப் பயன்படுத்துவதும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் லட்சுமி சீதா, ஷைலா குழுவினர், மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் வைரஸின் புரதமொன்றை மல்லாட்டைச் செடியில் உருவாக்கினார்கள். அந்த இலையைத் தின்ற மாடுகளின் உடலில் வெக்கைக்கு எதிர்ப்பு உண்டானது. ஆய்வு 2003இல் வெளியானது.

பெரியப்பாவிடம் சொன்னேன். “அப்ப ஊசியே வேணாமா? கொடிய அள்ளிப் போட்டா போதுமா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “எந்த மாடு எவ்ளோ தின்னுச்சுன்னு எப்படிப்பா தெரியும்? புடுங்கினப்ப நெலத்துல தங்கின கொட்ட அடுத்த மழைக்கு மொளைக்குமே, அத யாரு திம்பா?” என்றார்.

இந்தத் துறை இன்னும் மல்லுக்கட்டும் கேள்விகள் இவை. மல்லாட்டை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். காற்றில் பரவும் ஆபத்து குறைவு. ஆனால் விதை தங்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2002இல் இதுதான் நடந்தது. பன்றித் தடுப்பூசிப் புரதத்துக்காக புரோடிஜீன் நிறுவனம் முந்தைய ஆண்டு விளைவித்த மக்காச்சோளம், அதே நிலத்தின் சோயா பயிருக்கு நடுவே தானாக முளைத்து அறுவடையோடு கலந்தது. சுமார் 5 லட்சம் புஷல் சோயா முடக்கப்பட்டது.

2012இல் அமெரிக்கா அனுமதித்த கௌச்சர் நோய் மருந்து கேரட் செல்களில் தயாராகிறது. அந்தச் செல்கள் வளர்வது மூடிய கலன்களுக்குள். யார் தட்டுக்கும் போவதில்லை. வெக்கையும் ஊசியாலேயே ஒழிந்தது. 2011இல் உலகம் அதை அறிவித்தது.

மல்லாட்டையில் எதுவும் வீணாவதில்லை. எண்ணெய் நமக்கு, பிண்ணாக்கும் கொடியும் மாட்டுக்கு. இத்தனை வாய்களுக்குப் போகும் செடிக்குள் மருந்தை வைத்தால், எந்த வாயில் போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நாளைக்கே கோமாரிக்கு இப்படியொரு கொடி வந்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் அதை விதைக்கச் சொல்பவர்கள், தங்கிய கொட்டைக்கு முதலில் பதில் சொல்லட்டும்.