சிவப்புத் தட்டு

எங்கள் நாய் மணியோடு எறிந்து விளையாடப் பறக்கும் தட்டு ஒன்று வாங்கினேன். கடினமான பிளாஸ்டிக், சிவப்பு நிறம். அந்நிறத்தை விரும்பியவன் நான்தான். புல்வெளியில் விழுந்த தட்டைக் காணாமல் அது சுற்றிச் சுற்றி வரும். ‘சோம்பேறி’ என்று பலமுறை கடிந்துகொண்டேன். ஒரு மாலை, கவ்வி வந்த தட்டின் விளிம்பில் இரத்தம் கண்டேன்.

நாயின் கண்ணுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். புல்லின்மேல் நீலம் தனித்துத் தெரியும் என்றார் கால்நடை மருத்துவர். கடினத் தட்டு ஈறைக் கிழிக்கும், பல்லைத் தேய்க்கும். “வாயால் பிடிப்பது அதுதானே, ஐயா?” என்றும் கேட்டார். நான் கடிந்த சொற்கள் என் செவியிலேயே திரும்ப ஒலித்தன.

வளைந்து கொடுக்கும் நீல ரப்பர்த் தட்டு ஒன்று வாங்கி வந்தேன். உயரே துள்ளி விழாதபடி தாழ எறியவும் எண்ணியிருந்தேன். அதை நீட்டியதும் மணி இரண்டடி பின்வாங்கி என் முகத்தையே பார்த்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் அமர்ந்தேன்.