சாமைச் சோறும் உலக்கைப் பாட்டும்

கள்ளக்குறிச்சிக்குப் போகிறோம் என்றதும் நண்பர்கள் எல்லோரும் சாராயத்தைப் பற்றியே பேசினார்கள். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அந்நகரில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் ஊருக்கு வேறு அடையாளமே இல்லாமற்போயிற்று. மேலேயிருக்கும் கல்வராயன் மலைக்கும் அப்பழி ஒட்டிக்கொண்டது. நாங்கள் போனது சாமைச் சோற்றுக்காகவும் பாட்டுக்காகவும். எங்களில் ஒருவருக்கு நாக்கு நீளம். மற்றவர் எங்கேனும் பாட்டுக் கேட்டால் பேருந்தைத் தவறவிடக்கூடியவர். இவ்விரண்டு பலவீனங்களும் ஒரே ஊரில் தீர்ந்துவிடுமானால் அதுவே எங்கள் இருவருக்கும் நல்ல பயணம்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணையைக் கடந்தால் மலைச்சாலை. வெள்ளிமலையிலிருந்து சற்று உள்ளடங்கிய சிற்றூரில், நண்பருக்குத் தெரிந்த வீடொன்றில் தங்கினோம். இம்மலையின் குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக இவர்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதற்குமுன் கூலியில்லாமல் உழைத்த கதைகள் இன்னும் நினைவிலிருக்கின்றன.

முதல் நாள் இரவே சாமைச் சோறு கிடைத்தது. மொச்சைக் கொட்டைக் குழம்பு, கொள்ளுத் துவையல். வடித்த சாமைக்கு ஒரு தனி மணம் உண்டு. மழை நின்ற மண்ணுக்கும் வறுத்த தானியத்துக்கும் இடைப்பட்டது. நெல்லரிசிபோல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகாது. மென்றால்தான் இறங்கும், மெல்ல மெல்லத்தான் இனிக்கும். நகரத்துக் கடைகளில் 'சிறுதானியம்' என்று அச்சிட்டு விற்கும் பொட்டலங்களில் இந்த மணத்தை நாங்கள் கண்டதில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

அப்போதுதான் கவனித்தோம். வீட்டுப் பிள்ளைகளின் தட்டில் இருந்தது ரேஷன் அரிசிச் சோறு. 2011 முதல் தமிழ்நாட்டில் அது விலையில்லாமல் கிடைக்கிறது. சாமை எங்களுக்காக ஆக்கியது.

இதில் வருந்த ஏதுமில்லை என்று அவ்வீட்டுப் பாட்டி நினைத்தார். சாமையின் உமி எளிதில் விடாது. திரிகையில் இட்டு மேலோட்டமாகச் சுற்றி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தவேண்டும். அழுத்திக் குத்தினால் நொய்யாகிவிடும். தயங்கினால் உமி நிற்கும். விடியுமுன் எழுந்து குத்தினால்தான் அன்றைய உலை. இப்போது அரைவை இயந்திரம் இருக்கிறது. அரிசியோ கடையிலிருந்து வருகிறது.

எங்களில் பாட்டுப் பித்துள்ளவர் இந்த இடத்தில் குறுக்கிட்டு, குத்தும்போது பாடுவீர்களா என்று கேட்டார்.

"பாடாம? தோள்பட்ட விட்டுப்போவும் கண்ணு. பாடுனா கொஞ்சம் தெரியாது. இப்ப எவ இடிக்கிறா, பாடறதுக்கு?"

வாசகர்களுக்கு வள்ளைப் பாட்டு என்ற சொல் தெரிந்திருக்கும். கலித்தொகையின் குறிஞ்சிப் பெண்கள் உலக்கை பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் வள்ளைப் பாட்டு வருகிறது. அவற்றைப் படிக்கையில் நாங்கள் ஒருபோதும் தோள்வலியை நினைத்ததில்லை. இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில், இடுப்பு வளைய நீரில் நின்று நெல்வயலில் களை பறித்த பெண்களை மொந்தினே என்பார்கள். ஜுசெப்பே தெ சாந்திஸின் 'கசப்பு அரிசி' (1949) அவர்களைப் பற்றிய படம். வேலையில் பேசக்கூடாது என்பதால் சொல்லவேண்டியதைப் பாட்டாகவே சொல்லிக்கொள்வார்கள். பிறகு களைக்கொல்லியும் இயந்திரமும் வந்து அந்த வேலையே மறைந்துபோனது. பாட்டு மறையவில்லை. முதிய மொந்தினேக்கள் பாடற்குழுக்களாகக் கூடி மேடைகளில் பாடினார்கள். வேலை போகட்டும், பாட்டு இருக்கட்டும் என்று அங்கே ஏதோ ஒரு வகையில் முடிந்திருக்கிறது. இங்கே யார் கூட்டுவார்கள் அந்த மேடையை?

இதைப் பற்றி அன்றிரவு எங்களுக்குள் வாக்குவாதம். பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்பது, வலியைக் காட்டச் சொல்வதாகாதா என்றார் ஒருவர். கேட்காமல் போனால் மட்டும் வலி இல்லாமல் போய்விடுமா என்றார் மற்றவர். முடிவில்லாமல் தூங்கினோம்.

காலையில் நாங்கள் கேட்காமலே பாட்டி பாடினார். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, கையில் ஏதுமின்றி. ஒவ்வோர் அடியின் முடிவிலும் 'உஸ்' என்று ஒரு மூச்சு வந்தது; உலக்கை விழவேண்டிய இடம் அது. இராகம் எளியது, நான்கைந்து சுரங்களுக்குள் அடங்குவது. ஆனால் அந்த மூச்சு ஒருமுறைகூடத் தாளம் தப்பவில்லை. வலக்கை அவரறியாமல் மடியிலிருந்து எழுந்து எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது. நடுவில் சிரித்துவிட்டார். மாமியாரை ஏசும் இடமாம்.

அடுப்படியிலிருந்து மருமகள் வெளியே வந்து கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது, அத்தை பாடி இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றார்.