கொடும்பாளூர்ச் செலவு

பாடல்பெற்ற தலங்களை வழிபடச் செல்வோர் பலர். அடியார் வாழ்ந்த ஊர்களை நாடிச் செல்வோர் சிலர். பூசையொழிந்து கற்றளி மாத்திரம் நிற்கும் ஓரிடத்திற்குச் செல்ல நாள் குறிப்போர் மிகச் சிலரே. அத்தகையார் இருவர் திருச்சிராப்பள்ளியில் உளர். ஒருவர் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் நெல் வாணிகம் செய்து முதுமையடைந்தவர். இருவரும் எழுபதைக் கடந்தவர்.

வெள்ளிக்கிழமைதோறும் பெரியபுராணம் படிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்பதாண்டு நட்பு. இடங்கழி நாயனார் வரலாறு வரும்பொழுதெல்லாம், "கொடும்பாளூரை ஒருமுறை கண்டுவரல் வேண்டும்" என்று ஒருவர் சொல்வதும், "தை பிறக்கட்டும்" என்று மற்றவர் விடையிறுப்பதும் வழக்கமாயின. இதற்கிடையில் இருவரும் காசிக்குச் சென்று மீண்டனர், இராமேச்சுரத்தில் நீராடினர். ஏறக்குறைய 40 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள கொடும்பாளூர் மாத்திரம் எஞ்சி நின்றது. அண்மையிலிருப்பதே அதற்குக் குற்றமாயிற்று போலும்!

இவ்வாண்டு ஆவணியில் அவ்வரலாறு மீண்டும் வந்தது. அடியார்க்கு அமுதூட்டும் ஒருவர், கைப்பொருள் முழுதும் ஒழிந்தபின், இரவில் அரசரது நெற்பண்டாரத்திற் புகுந்து களவு செய்தார். காவலர் அவரைப் பற்றி இடங்கழியார் முன் நிறுத்த, களவின் காரணங் கேட்ட அரசர், 'இவரன்றோ எனக்குப் பண்டாரம்' என வியந்து, அடியாரெல்லாம் தம் பண்டாரங்களைக் கொள்ளைகொள்க எனப் பறையறைவித்தார். படித்து முடிந்ததும் ஒரு சிறுவன், "அந்த ஊர் இப்பொழுதும் உண்டா, ஐயா?" என வினவினான். "உண்டு; மதுரைச் சாலையில் விராலிமலைக்கு அப்பால்" என்றார் ஆசிரியர். "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்றான் சிறுவன். அதற்கு விடையில்லை.

கூட்டங் கலைந்தபின் வணிகர் நண்பரைத் தனியே நிறுத்தித் தம் கண்ணின் நிலையைக் கூறினார். கண்ணழுத்த நோயால் பார்வை ஓரங்களினின்று குறுகி வருகின்றது; இழந்ததை மீட்க இயலாது, எஞ்சியதைக் காக்கவே மருந்து என மருத்துவர் சொல்லிவிட்டனர். "இனித் தை என்று சொல்லாதீர்" என்றார்.

அன்றிரவே ஆசிரியர் ஒரு குறிப்பேடு தொடங்கினார். முதலில் எழுதியது சிலப்பதிகாரச் செய்தி. மதுரைக்கு வழி கேட்ட கோவலன் முதலியோர்க்கு மாங்காட்டு மறையவன், கொடும்பைக் குளத்தருகே வழி மூன்றாய்ப் பிரியுமென்று சொல்கின்றான். வலவழி சிறுமலைப் பக்கமும், இடவழி திருமால் குன்றத்துப் பக்கமும் செல்லும். மூன்றாவது இவற்றின் இடையது. அதனை எழுதுகையில், நமது செலவும் வழி கேட்டலிலேயே நிற்கின்றதே என அவர் நகைத்துக்கொண்டார்.

அடுத்து மூவர்கோயில். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை என்பார் பெயராலும் எடுத்த மூன்று தளிகள் அவை. (கற்கோயிலுக்கும் கற்றளியென்பதே பெயராதலின், அரசியின் பெயர் ஆசிரியர்க்குப் பெரிதும் இனித்தது.) மூன்றும் மேற்கு நோக்கியவை. நடுத்தளியும் தென்றளியும் விமானத்தோடு நிற்கின்றன. வடதளிக்கு அடித்தளமே எஞ்சியது. நடுத்தளியிலுள்ள கிரந்தவெழுத்து வடமொழிக் கல்வெட்டு அவன் முன்னோரையும் போர்களையும் கூறும். அதில் ஆண்டு குறிக்கப்படாமையால், கோயிலெழுந்த காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதியென்பாரும் 10ஆம் நூற்றாண்டென்பாரும் உளர். மதுரையினின்று வந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பெருமடம் ஒன்றையும், அங்கே துறவியர் 50 பேர் உண்பதற்கு 11 ஊர்களையும் அவன் அளித்த செய்தியும் அதிலுண்டு.

இக்குறிப்பை அடுத்த வெள்ளியன்று படிக்க, ஒருவர் தடை எழுப்பினார். "காளாமுகர் நம் சித்தாந்தத்தினர் அல்லர்; பூசையும் இல்லை. விராலிமலை முருகனை வணங்கித் திரும்பினாற் போதாதா?" அகச்சமயம் புறச்சமயம் என்னும் பிரிவுகளை ஆசிரியர் விரித்துரைக்கத் தொடங்கினார், அவருக்கு அது எளிது. வணிகர் இடைமறித்தார்: "களவு செய்தவரை இடங்கழியார் எந்தச் சமயம் என்று கேட்டாரா? ஏன் எடுத்தீர் என்றுதானே கேட்டார்? அவருடைய ஊரிலே பின்வந்த வேளும் சோற்றுக்கே நிலம் விட்டிருக்கிறான். அந்த மடம் இருந்த மண்ணை நான் பார்க்க வேண்டும்." தடை கூறியவர், தாமும் வருவதாக இசைந்தார்.

எஞ்சியது நாள். மாசியே தக்கதென்பது ஆசிரியர் கருத்து. வானம் வெளுத்திருக்கும், மாலை வெயில் மேற்குமுகத் தளிகளின்மேல் நேரே விழும், சிற்பங்கள் தெளிவாய்த் தோன்றும். ஐப்பசிக் கார்த்திகையே வேண்டும் என்றார் வணிகர். அது நாயனாரது குருபூசை நாள்.

"அடைமழைக் காலமாயிற்றே! சிற்பம் எப்படித் தெரியும்?"

"மாசியில் உமக்குத் தெரியும். எனக்கு?"

ஆசிரியர் குறிப்பேட்டில் மாசியை அடித்து ஐப்பசி என எழுதினார். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்துள்ள கொடும்பாளூர்ச் சிற்பங்களைக் காண வேறொரு நாள் ஒதுக்கப்பட்டது. குடைகள், முழங்கால் நோவுடையார்க்கு மடக்கு நாற்காலி இரண்டு, மழை வலுத்தால் ஒதுங்குதற்கு முசுகுந்தேசுவரர் கோயில் என ஒவ்வொன்றாய் ஏட்டில் ஏறின. கல்வெட்டின் பொருளைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். பின்னர் நினைந்து, தாமே உரக்கப் படிப்பதென்றும் குறித்தார்.

உணவுப் பொறுப்பு வணிகரது. செல்வோர் எழுவர். அவர் தம் மருமகளிடம் ஐம்பதின்மர்க்குப் புளியோதரையும் தயிர்ச்சோறும் ஆக்கச் சொன்னார்.

"ஏழு பேருக்கு எதற்கு மாமா இவ்வளவு?" என்றாள் அவள்.

"நாங்கள் கோயிலைச் சுற்றி வருவதற்குள் ஊர்ப்பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அம்மா. வெளியே மரத்தடியில் வைத்துக் கொடுப்போம். ஐந்து பொதி கூடவே கட்டு."