வழித்துணை

பிறந்த நாளுக்குப் பலவிதமான பரிசுகள் வருவதுண்டு. என் பேத்தியின் எட்டாவது பிறந்த நாளுக்கு, அவள் வாழும் ஊரின் கவுன்சில் ஒரு மைலைப் பரிசாக அனுப்பியிருந்தது.

விஷயம் இதுதான். என் பெண்ணும் மாப்பிள்ளையும் தென் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறார்கள். நூறு வீடு, ஒரு மாதா கோயில், ஒரு மது விடுதி, அவ்வளவுதான் கிராமம். பள்ளிக்கூடம் கிடையாது. மிக அருகிலுள்ள ஆரம்பப் பள்ளி அடுத்த ஊரில், இரண்டரை மைல் தொலைவில் இருக்கிறது. குழந்தை அதுவரை கவுன்சில் அனுப்பும் பஸ்ஸில் இலவசமாகப் போய்க்கொண்டிருந்தாள். எட்டு வயது நிறைந்ததும் ஒரு கடிதம் வந்தது. செப்டம்பரில் புதுப் பள்ளியாண்டு தொடங்கும்போது பஸ் கிடையாது, நடந்து போகலாம் என்று அதில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அந்த நாட்டுச் சட்டம் அப்படி. 1944-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் ஒரு கோடு போட்டது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இரண்டு மைல் வரை நடக்கலாம். எட்டு நிறைந்தால் மூன்று மைல். அதற்கு மேற்பட்ட தூரமானால்தான் இலவச வண்டி. எவ்வளவோ சட்டங்கள் மாறிவிட்டன. அந்தக் கோடு மட்டும் இன்றும் அழியவில்லை. ஆகவே, ஏழு வயதில் இரண்டரை மைல் நடக்க முடியாத என் பேத்தி, ஒரு கேக் வெட்டியதும் நடக்க வல்லவளாகிவிட்டாள்!

2023 ஆகஸ்டில் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் இதே பேச்சுத்தான். பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டிலிருக்கும் ஒரே காரை எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். மாப்பிள்ளைக்கு அதற்கும் முன்னால் ரயில்.

“அப்பா, மேல்முறையீடு பண்ணியிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னுதான் தெரியலே” என்றாள்.

“நான் எதற்கு இருக்கிறேன்?” என்றேன். ஆறு மாத விசாவில் வந்த மனிதனுக்கு வேறென்ன வேலை?

செப்டம்பர் முதல் நானும் பேத்தியும் நடந்தோம். ஒரு மணி நேரம் ஆகும். இருபுறமும் ஆள் உயர வேலி. நடுவில் ஒற்றை வண்டி போகும் அகலத்தில் சாலை. நடைபாதை என்பதே இல்லை. கார் வரும் சத்தம் கேட்டதும் குழந்தை என் கையைப் பிடித்துப் புல்லோரத்துக்கு இழுத்துவிடுவாள். துணைக்குப் போனவன் நான், காப்பாற்றியவள் அவள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளிக்கூட பஸ் பாதி காலியாக எங்களைக் கடந்து போகும். அவளுடைய சிநேகிதி ஒருத்தி ஜன்னலிலிருந்து கையாட்டுவாள். அவளுக்கு இன்னும் எட்டு நிறையவில்லை.

அக்டோபரில் ஓர் அதிகாரி வழியைப் பரிசோதிக்க வந்தார். நல்ல மனிதர். மழையில் எங்களோடு முழு தூரமும் நடந்தார். வண்டிகளை எண்ணினார், ஒதுங்கி நிற்கப் புல்லோரம் எங்கெங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். மணிக்கு 240 வண்டிக்குக் குறைவாக, அதாவது பதினைந்து விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவாகப் போனால், சாலையைக் குறுக்கே கடக்கலாம் என்று அவருடைய வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறதாம். தெருவிளக்கு இல்லை, வழி தனிமையானது என்பவை மட்டும் போதிய காரணங்களாக மாட்டாவாம்.

“இந்தக் குழந்தை இதில் தனியாகப் போகலாம் என்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“தனியாக என்று யாரும் சொல்லவில்லையே! தேவையானால் துணையோடு என்பதுதான் விதி” என்றார்.

பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எஸெக்ஸ் மாவட்டத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கு, 1986-இல் பிரபுக்கள் சபை வரைக்கும் போயிருக்கிறது. மூன்று மைலுக்குச் சற்றே குறைந்த தூரம். ஆளரவமற்ற, விளக்கில்லாத பாதை. தனியே போகும் குழந்தைக்கு அது ஆபத்தான வழிதான். ஆனால் துணையோடு ஓரளவு பத்திரமாகப் போக முடியுமானால் அது ‘கிடைக்கக்கூடிய வழி’தான் என்று அங்கே தீர்ப்பாயிற்று. அந்தத் துணை யார்? பெற்றோர். பெற்றோர் வேலைக்குப் போகிறவர்கள் என்றால்? அது பொதுவாகக் காரணமாகாது என்று அரசாங்கக் குறிப்பு சொல்கிறது. அதே குறிப்பு, ஆரம்பப் பள்ளிக் குழந்தை வண்டியில் போகும் நேரம் பொதுவாக 45 நிமிடத்துக்கு மேற்படக் கூடாது என்றும் கரிசனத்தோடு சொல்கிறது. நடக்கிற குழந்தைக்கு அந்தக் கடிகாரம் இல்லை.

நவம்பரில் மேல்முறையீட்டுக் குழுவின் முன் போனோம். பெண் நிதானமாகப் பேசினாள். குழுவில் இருந்த ஓர் அம்மாள் பரிவோடு கேட்டார்: “இப்போது குழந்தை எப்படிப் போகிறாள்?”

“நான் கூட்டிப் போகிறேன்” என்றேன், சற்றுப் பெருமையாகவே.

“இதுவரை அசம்பாவிதம் ஏதாவது...?”

“ஒன்றுமில்லை.”

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளின் கட்சிக்கு எதிரான முதல் சாட்சி நான்தான்! வழி பத்திரமானது என்பதை இரண்டு மாதமாக என் காலாலேயே நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர்த் தயிர்க்காரப் பாட்டி நினைவுக்கு வந்தாள்.

1958-இல் எங்கள் கிராமத்திலும் பள்ளிக்கூடம் இல்லை. ஆற்றைத் தாண்டி ஒன்றரை மைல் போகவேண்டும். தயிர்க்காரப் பாட்டி தினமும் அந்த ஊருக்குத்தான் கூடையோடு போவாள். தாய்மார்கள் எங்களைப் படித்துறையில் கொண்டுவந்து அவளிடம் ஒப்புவிப்பார்கள். ஏழெட்டுக் குழந்தைகள். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தால் முழங்காலளவு இறங்கிப் பார்த்துவிட்டு, “இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லே, போங்க வீட்டுக்கு” என்று அவளே லீவு விட்டுவிடுவாள். எங்களுக்குக் கவுன்சிலும் அவள்தான், இன்ஸ்பெக்டரும் அவள்தான். சம்பளம் என்று யாரும் அவளுக்குக் காலணா கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவள் படுத்த படுக்கையாகிவிட்டாள். ஆண்பிள்ளைகளான நாங்கள் எப்படியோ போய்க்கொண்டிருந்தோம். எங்களோடு வந்த இரண்டு பெண்களை மட்டும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி வகுப்பிலேயே முதல். தூரம் அதே ஒன்றரை மைல்தான். ஓர் அங்குலமும் கூடவில்லை. துணை இல்லை, அவ்வளவுதான்.

கோடு எங்கேயாவது போடத்தான் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த அதிகாரியும் சொன்னார்: உடற்குறையுள்ள குழந்தைகளை அழைத்துப் போகும் செலவே ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருக்கிறது, எல்லாருக்கும் வண்டி என்றால் பணத்துக்கு எங்கே போவது என்று. நியாயந்தான். பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸ் நாட்டில் 2008-ஆம் வருஷச் சட்டப்படி ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் எல்லாருக்குமே இரண்டு மைல்தான் எல்லை. இங்கிலாந்திலேயும், மிகவும் ஏழைக் குடும்பமானால் எட்டு வயதுக்குப் பிறகும் பதினொன்று வரை அதே இரண்டு மைல். ஆகவே கோட்டை நகர்த்த முடியாது என்பதில்லை.

ஆனால் என் மனத்தை உறுத்தியது தூரமல்ல. சாலையை அளந்தார்கள், வண்டியை எண்ணினார்கள், புல்லோரத்தைக்கூட அளந்தார்கள். கூட நடக்கும் ஆளை மட்டும் யாரும் அளக்கவில்லை. அந்த ஆள் எப்போதும் இருப்பதாகவே பாவித்துக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டார் ஒரு வார்த்தையாவது எழுதி வைத்திருக்கிறார்கள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டு விதிகள் ஆரம்பப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கின்றன. பள்ளி வைக்க முடியாத சிற்றூர்க் குழந்தைகளுக்கு, 2018-இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில், போக்குவரத்துக்கு மட்டுமல்லாமல் வழித்துணைக்கும் பணம் ஒதுக்க இடமிருக்கிறது. அந்தப் பணம் எல்லா மலைக்கிராமத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். அது வேறு கவலை. ஆனால் துணை என்பதும் ஒரு செலவு, யாரோ ஒருவருடைய காலும் நேரமும் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தயிர்க்காரப் பாட்டிக்கு ஐம்பது அறுபது வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

குழு எங்கள் மனுவைத் தள்ளிவிட்டது. பஸ்ஸில் காலியிடம் இருந்தால் பணம் கட்டிப் போகலாம். உரிமையுள்ள குழந்தை வந்தால் இடத்தை விட்டுவிட வேண்டும் என்று ஒரு யோசனையும் கடிதத்தின் அடியில் இருந்தது. பெண் மனுப் போட்டாள். இடம் கிடைக்கத் தாமதமாயிற்று. டிசம்பரில், நான்கு மணிக்கே இருட்டிவிடும் அந்தச் சாலையில், டார்ச் விளக்கோடு நடந்தோம். ஜனவரிக் கடைசியில் என் விசா முடிந்தது.

ஊர் வந்து பத்து நாளைக்கு எனக்குக் காலை ஏழரை மணியானால் இருப்புக் கொள்ளாது. அந்தப் பத்து நாளும் பெண் லீவு போட்டுக் குழந்தையைக் கொண்டுவிட்டாளாம். பதினோராம் நாள் டெலிபோன் வந்தது.

“தாத்தா, இன்னிக்கு பஸ்ஸிலே போனேன். இடம் குடுத்துட்டா.”

“ரொம்ப சந்தோஷம், கண்ணு.”

“வழியிலே ஒரு பையன் நடந்து போயிண்டிருந்தான், தாத்தா. என் வகுப்புத்தான். அவனோட யாருமே இல்லே.”

என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. “கையாட்டினாயா?” என்று மட்டும் கேட்டேன்.