கடல் தாண்டிய களைப்பு

மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சன் பக்கம் பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலுக்காகத்தான் அக்கரையில், சுமத்ராவில், தேன்பருந்துகள் காத்திருக்கும். தரை சூடேறினால்தான் வெப்பக்காற்று மேலே எழும். அதில் இறக்கையை விரித்தபடி, ஒரு தடவைகூட அடிக்காமல், வட்டம் போட்டுப் போட்டு ஏறி, உச்சிக்குப் போனதும் இந்தப் பக்கம் சறுக்கிக்கொண்டு கிளம்பும். அங்கே ரூப்பாட் தீவு, இங்கே தஞ்சோங் துவான் முனை. நடுவில் மலாக்கா நீரிணை, அந்த இடத்தில் ஏறக்குறைய 38 கிலோமீட்டர். கடல்மேல் அந்த மாதிரி வெப்பக்காற்று கிடைக்காது. ஏறிச் சேர்த்த உயரம் வழியிலேயே செலவாகிப் போகும். மிச்சத்தை இறக்கை அடித்துத்தான் கடக்கவேண்டும். சிட்டுக்குருவிக்கு அது ஒன்றுமில்லை. அகன்ற இறக்கைக்காரர்களுக்குப் பெரும்பாடு. அதனால் இக்கரை சேரும்போது மரத்தலையை உரசுகிற மாதிரி தாழ்ந்து, சில அலகைப் பிளந்துகொண்டு, வந்து சேரும்.

அந்தக் களைப்பு இல்லையென்றால் இந்த முனையில் பருந்து பார்க்கும் விழாவே இல்லை. ஆண்டுக் கடைசியில் தெற்கே போகும்போதும் இவை இந்த வழியில் போவதுண்டு. ஆனால் கரையிலேயே நல்ல உயரம் ஏறிவிட்டுத்தான் கடலில் இறங்கும் என்பதால் வெறும் புள்ளிதான். திரும்பி வரும்போதுதான் முகம் பார்க்கக் கிடைக்கும். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு தொடங்கி மார்ச் மாதத்து வாரக்கடைசியில் ‘ரேப்டர் வாட்ச்’ நடத்திவருவதன் சூட்சுமம் அதுதான். கீழே கடற்கரைப் பக்கம் கூடாரங்கள், உரைகள், பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டுகிற மேசை; காட்டுக்குள் வழிகாட்டியோடு நடை; மேலே கலங்கரை விளக்கத்தடியில் எண்ணுகிறவர்கள். நான் பெரும்பாலும் மேலேயே கிடப்பேன்.

அந்தக் கலங்கரை விளக்கத்துக்குத் தனிக்கதை உண்டு. முதலில் விளக்கு ஏற்றியவர்கள் போர்த்துக்கீசியர்கள், பதினாறாம் நூற்றாண்டில். இப்போது நிற்கிற வெள்ளைக் கோபுரம் 1863-இல் கட்டியது. சுற்றிலும் நெகிரி செம்பிலானாக இருக்க, இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். 1606-இல் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் இதற்கு எதிரேதான் கப்பல் சண்டை போட்டார்கள். ஆகஸ்ட் மாதம், தேன்பருந்துகள் வடக்கே குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்திருக்கும். நல்லதாகப் போயிற்று.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பருந்தை முதலில் பார்ப்பது கோழிதான். குஞ்சுகளோடு லயத்து வாசலில் கிளறிக்கொண்டிருக்கும் தாய்க்கோழி திடீரென்று நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். தொண்டைக்குள்ளேயே நீளமாக ஒரு சத்தம். குஞ்சுகள் சாக்கடை மேட்டுக்கும் விறகுக் கட்டைக்கும் அடியில் காணாமல் போகும். அதற்குப் பிறகுதான் பாட்டி தகர டின்னோடு வெளியே வருவாள். பாட்டி டின்னைத் தட்டி, கையை ஓங்கி, பருந்தின் தாயார் வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்தக் கோழியின் கண்தான் வேடிக்கையாக இருக்கும். செம்மஞ்சளாக, வட்டமாக, இமைக்காமல். தொலைநோக்கி இல்லை, கையேடு இல்லை. ஆனால் காக்கைக்கும் கழுகுக்கும் வித்தியாசம் தெரிந்த கண். காக்கை பறந்தால் அது தலையைக்கூடத் தூக்காது.

காக்கை என்றதும் ஞாபகம். கிள்ளான் பக்கம் காக்கை இத்தனை பெருகியது காப்பித் தோட்டக்காரர்கள் செய்த வேலை. 1890-களில் காப்பிச் செடியைப் புழு அரிக்கிறது என்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை போகவில்லை. பின்னாளில் அதே ஊரில் காக்கை சுடுவதற்கென்றே துப்பாக்கிக்காரர்களைக் கூட்டினார்கள். கூலிக்கு அழைத்துவந்து, வேலை முடிந்ததும் தொல்லை என்று சொல்வதை நாங்கள் வேறு இடத்திலும் பார்த்திருக்கிறோம். அமாவாசைக்கு அம்மா இலையில் சோறு வைத்துக் கூப்பிட்டால் வருவது அந்தக் கப்பல் காக்கைகளின் வாரிசுகள்தான். முன்னோர்கள் என்று அவற்றைச் சொல்வதில் தவறு கண்டுபிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவைக் கலங்கரை விளக்க மலைக்கு அழைத்துப் போன வருடம் விழாவில் நல்ல கூட்டம். அடிவாரத்தில் அப்போது ஒரு வெள்ளி கொடுத்துவிட்டு, தார்ச்சாலையில் செங்குத்தாக ஏறவேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் காடு. குரங்குகள் நெகிழிப் பைகளை மட்டுமே குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் ஏறினார். “இதென்னா மலை, நம்ம பதினாலாம் நம்பர் மலைக்காடு ஏறாத ஏத்தமா” என்றார். விடியற்காலை பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவர். அவருக்கு வானம் என்பது மழை பார்க்கிற இடம். மழை பெய்தால் பட்டை நனையும், மங்குக் கோப்பையில் பால் கரைந்தோடும், அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. மற்றபடி கண் மரத்தில், கத்தியில், மங்கில். “மேல பாத்துக்கிட்டு நின்னா தண்டல் விடுவானா?” என்று கேட்டார். கேள்வி நியாயம்.

கோபுரத்தடியில் தொண்டர்கள் தொப்பியும் தொலைநோக்கியுமாக நின்றார்கள். ஒரு மலாய்ப் பையன் திடீரென்று கத்தினான்: “லெவன் ஓ’க்ளாக்! மரத்துக்கு மேலே!” எல்லாத் தலையும் இடது பக்கம் திரும்பியது. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தேகால்தானே ஆவுது?” நேர் எதிரே பன்னிரண்டு, வலது கைப் பக்கம் மூன்று என்று நான் விளக்குவதற்குள் அந்தப் பறவை தலைக்கு மேலேயே வந்துவிட்டது. ஐந்தாறு ஆள் உயரம்தான் இருக்கும். இறக்கையின் அடியில் குறுக்கு வரிகள், நுனியில் விரல் விரலாகப் பிரிந்த இறகுகள், அவற்றில் ஒன்று பாதி ஒடிந்திருந்தது. சிறிய தலை, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கழுத்து. தேன்பருந்தைக் கண்டுபிடிக்க முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்: உடம்பு கழுகு, தலை புறா. நிறத்தை நம்பினால் போச்சு. ஒன்று வெளுப்பு, ஒன்று காப்பி நிறம், ஒன்று கறுப்பு; எல்லாம் ஒரே சாதி.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இது கருடன் இல்லம்மா” என்றேன். கருடன் என்று நாம் கும்பிடுகிற செம்பருந்து இங்கேயே இருப்பது, எங்கேயும் போகாது. துறைமுகத்தில் மீன்குடலுக்குக் காத்திருக்கும், பாட்டியின் குஞ்சையும் தூக்கும். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், படித்த பிள்ளைகளிடம் பேசிப் பயனில்லை என்பது தெளிவாக இருந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி மட்டும் அம்மாவின் கையைக் கவனித்துவிட்டு, அது என்ன சைகை என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எண்ணிக்கை முறை ஏதோ என்று நினைத்தாராம்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தகரக் கொட்டகையாக இருந்த கோயிலுக்குக் கல்லும் சிமெண்டுமாகச் சின்னக் கோபுரம் எழுப்பிய ஆண்டு. குடம் மேலே போய்விட்டது. ஐயர் நிற்கிறார், மேளம் நிற்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். கருடன் வரவேண்டும். வெயில் கண்ணைக் குத்துகிறது. கிராணி வீட்டு அம்மா குடையை மடக்கிவிட்டார், குடை மறைக்கக்கூடாதென்று. கங்காணி, கிராணி, கூலி எல்லாருக்கும் ஒரே மாதிரி கழுத்து வலித்த நாள் என் நினைவில் அது ஒன்றுதான். ஒரு கிழவர் “அந்தா!” என்றார். அது வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது. அழாத ஆள் இல்லை. பக்கத்தில் கடல், கடலோரத்தில் மீன்பிடிக் குப்பம், செம்பருந்து வராமல் எங்கே போகும் என்று இன்றைக்கு என்னால் கணக்குச் சொல்ல முடியும். அதனால் அந்தக் கண்ணீர் குறைந்துவிடவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அதற்கு முன்பே ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். செம்பனையோடு எலி வந்தது, எலிக்காக ஆந்தைப் பெட்டி வந்தது. மரப்பெட்டியைக் கம்பத்தில் ஏற்றி வைத்தால் கூகை வந்து குடியேறும், பழக்குலையைக் கடிக்கிற எலிகளைத் தின்னும். மருந்தைவிட மலிவு. நிர்வாகத்துக்கு நல்ல யோசனைதான். ஆனால் லயத்துக்குப் பக்கத்தில் பெட்டி வைத்தபோது பெரிய ரகளை. ராத்திரி கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று பெண்கள் தண்டலிடம் போய் நின்றார்கள். பெட்டி நாலு வரிசை தள்ளிப் போனது. அந்த வருடம் சாவு விழவில்லையா என்றால், விழுந்தது. தோட்டத்தில் எந்த வருடம்தான் விழவில்லை.

கீழே கூடாரத்தில் உரை கேட்கவும் அம்மாவை உட்கார வைத்தேன். காற்றாடி இருந்ததால் சம்மதித்தார். பேசியவர் ஜப்பானில் ஹிரோயோஷி ஹிகுச்சி என்ற ஆய்வாளரும் குழுவினரும் தேன்பருந்துகளின் முதுகில் சின்னக் கருவி கட்டிச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்ததைப் படம் போட்டுக் காட்டினார். இலையுதிர் காலத்தில் ஜப்பானிலிருந்து கிளம்பினால் கிழக்குச் சீனக் கடலை ஒரே பாய்ச்சலாகத் தாண்டி, சீனா, இந்தோசீனா, மலாயா, சுமத்ரா என்று இறங்கும். வசந்தத்தில் திரும்பும்போது அந்தக் கடல் பக்கம் போகாது. கொரியத் தீபகற்பம் வரைக்கும் தரை வழியாகவே சுற்றிக்கொண்டு ஊர் சேரும். ஒரு வழிக்கே பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகிவிடும். வழியில் தேன்கூட்டையும் குளவிக்கூட்டையும் பிய்த்து உள்ளேயிருக்கும் புழுக்களைத் தின்னும். கொட்டினால்? முகத்தில் செதில் மாதிரி நெருக்கமாக அடுக்கிய சிறிய இறகுகள் உண்டு, கொடுக்கு எளிதில் இறங்காது.

இந்த இடத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெட்டுக்காட்டில் குளவி கொட்டி முகம் வீங்கிப் படுத்தவர் அவர். “கொடுத்து வச்ச முகம்” என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

விழாவைப் பற்றிக் குறை சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். ஒலிபெருக்கி, கூட்டம், பாதையெல்லாம் தண்ணீர்ப் போத்தல், பறவை எது வானூர்தி எது என்று தெரியாதவர்கள். நிஜமான பறவைக்காரர்கள் வாரநாளில் தனியாக வந்து எண்ணிவிட்டுப் போவார்கள் என்பார்கள். உண்மைதான், தொடர் கணக்கு அப்படித்தான் கிடைக்கும், அது வேண்டியதுதான். இருந்தாலும் நான் அந்தக் கூட்டத்தின் கட்சி. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே கதவைச் சாத்தியது. வலசைக் காலம் முடியவில்லை. நான் சிரம்பானில் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று, துணிக்கொடிகளுக்கு நடுவே தெரிந்த வானத்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நண்பகலில் பெரிய பறவைகள் கொஞ்சம் வட்டமிட்டு ஏறின. பக்கத்து வீட்டில் கதவைத் தட்டிக் காட்டவேண்டும் போலிருந்தது. தட்டக்கூடாத காலம்.

அம்மாவோடு மலைக்குப் போன அன்றைக்கு ஒரு மணிக்குமேல்தான் பருந்துகளின் பெருங்கூட்டம் வந்தது. தாழ்ந்து வந்தவை முனைக்காட்டின் மேல் சூடான காற்றைக் கண்டுபிடித்ததும் இறக்கை அடிப்பதை நிறுத்தின. ஒன்றின் பின் ஒன்றாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, வலமும் இடமுமாகச் சுழன்று ஏறின. இடையில் சின்ன வல்லூறுகள், கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைப் பருந்துகள். எண்ணிக்கைப் பொறுப்பிலிருந்த சீனப் பெரியவர் இரண்டு கையிலும் எண்ணும் பொறி வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். ஒன்று தேன்பருந்துக்கு, மற்றது மிச்சத்துக்கு. வானத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கழுத்தில் போட்டிருந்த ஈரத்துண்டு மட்டும் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுத்துத் திரும்பவும் அவர் தோளில் போட்டார். அவரும் நன்றி சொல்லவில்லை, அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஓட்டம் அடங்கியது. பெரியவர் உட்கார்ந்து, கணக்கைத் தாளில் எழுதிவிட்டு, தேநீர் ஊற்றிக்கொண்டார். அம்மா சந்தை மலாயில் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். நாளைக்கும் வருமா? சொல்ல முடியாது, சுமத்ராவில் மழை பெய்தால் எல்லாம் மரத்திலேயே உட்கார்ந்துவிடும், கிளம்பாது என்றார் அவர். அம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“மழைன்னா அதுங்களுக்கும் வேலை இல்ல” என்று என்னிடம் திரும்பினார். “பாப்பா, அக்கரையில நாளைக்கு மழையான்னு அந்தக் கைப்பேசியில பாத்துச் சொல்லு. இல்லன்னா காலையில புளிசாதம் கட்டிடறேன். கீழ அந்த நாசி லெமாக் அஞ்சு வெள்ளியாம், ஒரு கரண்டிச் சோறு இல்ல.”